கடல் கடந்து வந்த அருளானந்தர்

நமது யூபிலி மலரில் ஒரு புனிதரின் வாழ்க்கை வரலாறும் இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழுவினர் விரும்பினர். மறைசாட்சியான புனித அருளானந்தரை நான் தேர்ந்துகொண்டேன். அவர் நம் தமிழகத்தில் இரத்தம் சிந்தியவர் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நம் பங்கிலும் இருக்கிறார்கள். போகலாமா, இங்கேயே ஏதேனும் செய்து பிழைக்கலாமா, போனவன் திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டுப் பங்குக் குருவின் அறைக்கு வருகிறவர்களும் உண்டு. இதே கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அருளானந்தரின் வாழ்வில் இரண்டு முறை குறுக்கிட்டது. முதல் முறை அவருக்கு 26 வயது, இரண்டாம் முறை 43. இரண்டு முறையும் அவர் ஒரே கப்பல் வழியில்தான் ஏறினார். ஆனால் அந்த இரண்டும் ஒரே பயணமல்ல என்பதே எனக்குத் தோன்றுவது.

ஜான் டி பிரிட்டோ என்ற இயற்பெயர் கொண்ட நம் புனிதர் 1647-ம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் பிறந்தார். தேஜோ ஆறு அகன்று பரந்து அட்லாண்டிக் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த துறைமுக நகரம் அது. கடலை நம்பியே வாழ்ந்த ஊர். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497-ல் புறப்பட்டதும் அங்கிருந்துதான். கோவாவிலிருந்தும் கொச்சியிலிருந்தும் போன மிளகும் இலவங்கப்பட்டையும் இறங்கியதும் அங்கேதான். ஆற்றங்கரையிலேயே அரச மாளிகை இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் இந்திய வணிகத்தை நடத்திய அரசு அலுவலகமும் பண்டகசாலையும் இருந்தன. மாடியில் அரசர், கீழே மிளகு மூட்டைகள்! அந்த மாளிகை இன்றில்லை. 1755 நவம்பர் முதல் நாள் சகல புனிதர் திருநாளன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திலும் கடற்கோளிலும் அது அழிந்து போயிற்று.

பிரிட்டோவின் குடும்பம் அரண்மனைக்கு நெருக்கமான உயர்குடி. தந்தை சால்வதோர் டி பிரிட்டோ பெரேரா பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டார். போனவர் திரும்பவில்லை. 1651-ல் அங்கேயே காலமானார். அப்போது நம் புனிதருக்கு நான்கு வயது. தாயார் பெயாத்ரிஸ் பெரேரா கைம்பெண்ணாகப் பிள்ளைகளை வளர்த்தார். அக்கரைக்குப் போன கணவரைக் கடல் திருப்பித் தரவில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அந்த அம்மையார் செய்த ஒரு காரியத்தை, இதை மறந்துவிட்டு எடைபோடுவது நியாயமாகாது.

சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தான். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒருமுறை அவன் கடும் நோயில் விழுந்து பிழைப்பது அரிது என்ற நிலை வந்தபோது, புனித சவேரியாருக்குத் தாயார் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணியச் செய்வதாக. பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் மினுங்கும் அரண்மனையில் ஓராண்டு கறுப்பு அங்கியோடு நடமாடினான். தோழர்கள் கேலி செய்திருப்பார்கள், பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? அந்த அங்கி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. 1662 டிசம்பர் 17-ம் நாள், பதினாறு வயது நிறையுமுன், லிஸ்பனில் இயேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தான்.

தாயார் இதற்குத் தடை சொல்லவில்லை. மகன் குருவானாலும் கண்ணெதிரே இருப்பான் என்ற ஆறுதல் இருந்தது. எவோரா, கோயிம்பிரா ஆகிய ஊர்களில் படித்துவிட்டு, லிஸ்பன் கல்லூரியிலேயே இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியராகவும் அவர் வந்து சேர்ந்தார். ஆனால் உள்ளம் அங்கில்லை. சவேரியார் போன வழியே தன்னையும் அனுப்ப வேண்டுமென்று சபைத் தலைவருக்கு 1668-ல் எழுதினார். அனுமதி கிடைத்தது. 1673-ல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு மார்ச் மாதம் கப்பலேற ஏற்பாடாயிற்று.

அப்போதுதான் தாயார் எழுந்து நின்றார். மகன் போகாமல் தடுக்கும்படி அரண்மனையில் முறையிட்டார், பாப்பரசரின் தூதுவரிடமும் முறையிட்டார். எடுத்த எல்லா முயற்சியும் வீணாயிற்று. புனிதர்களின் வரலாறு எழுதுவோர் சிலர் இந்த இடத்தில் அந்தத் தாயை இறைத்திட்டத்துக்குக் குறுக்கே வந்தவர் போலச் சித்திரித்துவிட்டு வேகமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கடல் கணவரை விழுங்கிவிட்டது, இன்னொரு கடல் மகனைக் கேட்கிறது. அவர் வேறென்ன செய்வார்? பிள்ளையின் உயிருக்காக நேர்ச்சை செய்து அங்கியை அணிவித்ததும் அவர்தான் அல்லவா!

அக்காலப் பயணம் எத்தகையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவுக்குரிய கப்பல்கள் ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் அல்லது ஏப்ரலில் லிஸ்பனை விட்டுப் புறப்படும். அப்போது புறப்பட்டால்தான் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துச் செப்டம்பர் வாக்கில் கோவாவை அடைய முடியும். திரும்பும் கப்பல்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ கோவாவை விட்டுப் புறப்படும். ஆகவே மார்ச்சில் லிஸ்பனிலிருந்து ஒரு தாய் எழுதும் கடிதத்துக்கு அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குப் பின்னரே பதில் வரும், வந்தால்! இன்று குவைத்திலுள்ள பிள்ளை இரண்டு நாள் பேசாவிட்டால் நம் வீடுகளில் அடுப்பெரிவதில்லை. அன்று ஒன்றரை ஆண்டு. போகிறவர்களில் பலர் வழியிலேயே காய்ச்சலிலும் ஈறு வீங்கும் நோயிலும் மாண்டு கடலில் இறக்கப்பட்டார்கள். பிரிட்டோ ஏறிய கப்பலிலும் காய்ச்சல் பரவியது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அவரும் நோயில் விழுந்து எழுந்தார். செப்டம்பர் மாதம் கோவா வந்து சேர்ந்தார்.

கோவாவிலேயே தங்கியிருக்கலாம். அதுவும் கடற்கரை நகரம்தான். போர்த்துக்கல் மொழி, போர்த்துக்கல் உணவு, போர்த்துக்கல் கொடி, ஏறக்குறைய இன்னொரு லிஸ்பன். கடலோரத்தில் எங்கே தங்கினாலும், முத்துக்குளித்துறையானாலும் கொச்சியானாலும், ஐரோப்பியக் குரு ஒருவருக்கு அன்று ஒரு பாதுகாப்பு இருந்தது. தன் நாட்டுக் கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும். உள்நாட்டுக்கு நடந்துவிட்டால் அந்த நிழல் இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி தொடங்கிய மதுரை மிஷன் உள்நாட்டில்தான் இருந்தது. கடற்கரையில் கிடைக்கும் துணையை விட்டு விலகி வந்ததே அந்த மிஷனின் அடையாளம். பறங்கி என்ற பெயர் அங்கே வசைச்சொல். மது அருந்தி மாட்டிறைச்சி உண்பவன் என்று பொருள்படும்படி அதைச் சொல்வார்கள்.

பிரிட்டோ 1674-ல் மலையாள நாட்டின் அம்பலக்காடு வழியாகக் கிழக்கே நடந்தார். அம்பலக்காட்டில் இயேசு சபையார் தமிழ் கற்கவும் கற்பிக்கவும் செய்த இல்லம் இருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1679-ல், அந்தாவோ தெ புரொயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி அச்சானதும் அவ்வூரில்தான். மலைத்தொடரைக் கடந்து, ஜூலை மாதக் கடைசியில், புனித இஞ்ஞாசியார் திருநாளை ஒட்டி அவர் வந்து சேர்ந்த இடம் செஞ்சி நாட்டின் எல்லையோரம். ஆம், நாம் பேருந்தேறி அரை நாளில் போய்த் திரும்புகிற நம் பக்கத்துச் செஞ்சிதான்! பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்த செஞ்சி 1677-ல் மராட்டிய சிவாஜியின் கைக்கு மாறியது. அந்தப் படையெடுப்புகளும் பஞ்சமும் ஊர் ஊராக மக்கள் ஓடியதும் பிரிட்டோ தமிழ்நாட்டில் கண்ட முதல் காட்சிகள்.

இங்கே அவர் பண்டாரசுவாமியானார். காவி தோய்ந்த உடை, கையில் கோல், காலில் மரப்பாதக்குறடு. ஜான் என்பதன் பொருளைத் தழுவி அருளானந்தர் என்ற பெயர் பூண்டார். ஒரு நாளுக்கு ஒரு வேளை சோறும் கீரையும் காய்களும். இறைச்சியில்லை, மீனில்லை, திராட்சை மதுவும் திருப்பலிக்கு மட்டுமே. மீனில்லாத இலையை மதிக்காத ஊரில் பிறந்தவர் அவர் என்பதை நம் கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய குருக்கள் நன்றாக உணர்வார்கள். நம்மூர்க்காரருக்குச் சொன்னால் அவ்வளவு உறைக்காது. நமக்கு மீன் என்றால் ஏரி மீன், அதுவும் மழை பெய்த ஆண்டில். பாயை விரித்துத் தரையில் படுத்தார். வெயிலில் நாள்கணக்காக நடந்தார்.

பண்டாரசுவாமிகள் என்ற ஏற்பாடு, நோபிலியின் வழிவந்த பிராமண சந்நியாசி முறையால் நெருங்க முடியாத எளிய மக்களிடமும் போய்ச் சேருவதற்காக ஏற்பட்டது. சாதி வேற்றுமையை அவர்கள் ஒழிக்க முயன்றதாகச் சொல்ல முடியாது. அதற்குள்ளேயே வழி தேடினார்கள். இன்று நாம் அதை அப்படியே பாராட்டிவிட முடியாது. ஆயினும் அரண்மனைப் பிள்ளை ஒருவர் குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து கூழ் குடிப்பவரோடு பேசினார் என்பது சிறிய செய்தியன்று.

1685-ல் மதுரை மிஷனின் தலைவரானார். மறுஆண்டு மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். இராமநாதபுரத்தில் அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று மக்கள் அழைத்த ரகுநாத சேதுபதி. பல ஆண்டுகளாகக் குருக்கள் காலடி வைக்க முடியாதிருந்த பகுதி அது. சில மாதங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஜூலை மாதம் மங்கலம் என்னும் ஊரில் அவரும் உபதேசியார்கள் அறுவரும் பிடிபட்டனர். கட்டித் தொங்கவிட்டும், குளத்து நீரில் அமிழ்த்தியும், கொதிக்கும் வெயிலில் கூர்ப்பாறையில் கிடத்தி மிதித்தும் வதைத்தனர். வரலாறு அருளானந்தரின் பெயரைச் சொல்கிறது. உடன் வதைபட்ட தமிழ் உபதேசியார்களை நாம் எண்ணிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பின்னர் சேதுபதியே நேரில் விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று தடைவிதித்து விடுதலை செய்தார்.

இந்த வேளையில்தான் மிஷனின் காரியங்களை ஐரோப்பாவில் எடுத்துரைக்கும் பிரதிநிதியாக அவரை அனுப்பச் சபை முடிவு செய்தது. 1687 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1688 செப்டம்பர் 8-ம் நாள், தேவமாதாவின் பிறந்தநாளன்று, லிஸ்பனில் இறங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊர்.

விளையாட்டுத் தோழர் பேதுரு இப்போது அரசர். தாயார் உயிரோடிருந்தார். மறவர் நாட்டில் பட்ட காயங்களின் செய்தி அவருக்கு முன்னரே ஊருக்கு வந்திருந்தது. உயர்குடியினர் அவரைக் காணக் கூடினர். அவர் கேட்டதெல்லாம் சோறும் காய்கறியும்! கட்டில் போட்டால் தரையில் படுத்தார். மீனும் ரொட்டியும் திராட்சை மதுவும் அவர் முன்னால் இருந்தன, தொடவில்லை. இதைத் தவமென்று சொல்வது மரபு. தவம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் பதினைந்து ஆண்டு இருந்துவிட்டு விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். தாய் ஆசையோடு சமைத்து வைத்த குழம்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மின்சாரம் நின்ற இரவில் தூக்கம் வருவதில்லை. பேச்சில் அந்நாட்டுச் சொல் நுழைந்துவிடுகிறது. அதைக் கண்டு ஒரு தாய் மனத்துக்குள் அழுவதும், மகன் விருந்தாளியைப் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பதும் நாம் காணாததன்று. அருளானந்தருக்கும் உடலும் நாவும் மாறிவிட்டிருந்தன. எது ஊர், எது வெளிநாடு என்பதே இடம் மாறிவிட்டது.

எவோரா, கோயிம்பிரா முதலிய கல்லூரிகளுக்குச் சென்று மதுரை மிஷனைப் பற்றிப் பேசி, இளைஞர் பலரின் உள்ளத்தில் ஆவலை மூட்டினார். அரசரோ அவரைத் திரும்ப அனுப்ப விரும்பவில்லை. 1689 அக்டோபரில் அரசருக்கு ஆண் மகவு பிறந்தது. பின்னாளில் ஐந்தாம் ஜான் என்ற பெயரில் அரியணை ஏறிய குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஆசிரியராக அருளானந்தர் லிஸ்பனிலேயே தங்கவேண்டும் என்பது அரசரின் விருப்பம். அவர் புறப்பட்டபோது அந்த மாணவருக்கு ஆறு மாதம் நிறையவில்லை. ஆக, பாடம் சொல்லித் தர ஆள் வேண்டும் என்பதைவிட, நண்பரைப் பிடித்துவைக்க ஒரு வழி வேண்டும் என்பதே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வேண்டுகோள் அல்ல என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வரப்போகும் அரசனை உருவாக்கும் பொறுப்பு அது. அந்த அரசனின் ஆணையை நம்பித்தான் இந்திய மிஷன்களின் பணமும் கப்பலும் இருந்தன. லிஸ்பனில் இருந்துகொண்டே மதுரைக்கு அவர் செய்திருக்கக்கூடிய நன்மை பெரிது. தாயின் முதுமைக் காலமும் அருகே கழிந்திருக்கும். மறவர் நாட்டுக்குத் திரும்பினால் மரணம் என்பதோ அவருக்குத் தெரிந்ததே. அறிவுள்ள எந்த ஆலோசகரும் தங்கிவிடும்படிதான் சொல்லியிருப்பார். நானும் அப்படியே சொல்லியிருக்கக்கூடும்.

அவர் கொடுத்த பதிலின் சாரம் எளிமையானது. இந்தக் குழந்தைக்கு ஆசிரியராகத் தக்கவர்கள் போர்த்துக்கல்லில் நிறைய உண்டு, அங்கே மதுரையிலோ ஆளில்லை என்பதே அது. வீரவசனம் ஒன்றுமில்லை, ஒரு கணக்கு. மதுரை மிஷனில் அப்போது இருந்த குருக்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அவர்களை நம்பியிருந்த கிறிஸ்தவர்களோ தஞ்சை, மதுரை, செஞ்சி, மறவர் நாடு எங்கும் பரவியிருந்தார்கள். எங்கே வாழ்வது எனக்கு நல்லது என்று அவர் கேட்கவில்லை. எங்கே நான் இல்லாவிட்டால் இடம் காலியாகக் கிடக்கும் என்று கேட்டார். பிழைப்புக்காகப் போகிற நம் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை அப்படியே நீட்டுவது முறையல்ல. மணிலாப் பயிர் காய்ந்து, கடன் ஏறி, தங்கை திருமணம் நிற்கும் வீட்டுப் பையனுக்குத் தெரிவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அருளானந்தருக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது. அதனால்தான் அவருடைய முடிவு அவருடையதாக இருந்தது.

1690 ஏப்ரல் 8-ம் நாள் மீண்டும் கப்பலேறினார். இம்முறை தாயார் தடுத்ததாக வரலாறு சொல்லவில்லை. நவம்பரில் கோவா. பிறகு மதுரை மிஷன், மீண்டும் மறவர் நாட்டு எல்லை. காடுகளில் பந்தலிட்டு, இரவில் மறையுரைத்து, ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் வழங்கினார். அவர்களுள் ஒருவர் தடியத்தேவர். சேதுபதியின் அரச குலத்தவர், அரசுரிமை கோரத்தக்கவர். நோய் நீங்கியதால் மறையை நாடிய அவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்றார் அருளானந்தர். தேவர் இசைந்தார். 1693 ஜனவரி 6-ம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலை என்பவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் நேரே சேதுபதியிடம் போய் அழுதார். அவர் அழுததிலும் நியாயம் உண்டு. தன் குற்றம் ஏதுமின்றி ஒரே நாளில் வீடிழந்த பெண் அவர். சேதுபதிக்கோ இது குடும்பத்து மானம் மட்டுமன்று, அரசியலும் கூட. போட்டியாளர் ஒருவர் பின்னால் புதிய கூட்டம் ஒன்று சேருவதை எந்த அரசரும் வாளாவிருந்து பார்க்கமாட்டார்.

இரண்டே நாளில், ஜனவரி 8-ம் நாள், அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து சேதுபதியின் சகோதரர் உடையத்தேவரின் பொறுப்பில் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். தலைநகரில் கொன்றால் கலகம் வரலாம் என்ற அச்சம் இருந்தது. கொலைக்கு முந்தின நாள் சிறையிலிருந்து உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மையும் இறகும் இல்லாததால் கரியைக் குழைத்து, துரும்பைக் கோலாகக் கொண்டு எழுதினார். தம் மேல் சாட்டப்பட்ட குற்றத்தை ஒத்துக்கொண்டதையும், சாவை மகிழ்வோடு எதிர்பார்ப்பதையும் அதில் அமைதியாகத் தெரிவித்தார். 1693 பிப்ரவரி 4-ம் நாள், விபூதிப் புதன்கிழமை, பாம்பாற்றங்கரை மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. ஓரியூர் கிழக்குக் கடலுக்குத் தொலைவில் இல்லாத ஊர். மேற்கே ஒரு கடற்கரையில் பிறந்தவர் கிழக்கே இன்னொரு கடற்கரையின் பக்கத்தில் விழுந்தார். அவ்விடத்து மணல் செம்மண் நிறமாக இருப்பதை இன்றும் பக்தர்கள் அவருடைய இரத்தமென்றே போற்றி, சிறு பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1947 ஜூன் 22-ம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியா விடுதலை பெற இரு மாதமும் இல்லாத வேளை. அந்நியர் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டில், கப்பலேறி வந்த ஒருவரைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் தம்மவர் என்று கொண்டாடினர்.

லிஸ்பனுக்கு ஓரியூர்ச் செய்தி கப்பல் வழியே போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின. அதுவரை மகன் உயிரோடிருப்பதாக எண்ணியே தாயார் ஒவ்வொரு நாளும் செபித்திருப்பார். செய்தி வந்ததும் அரசர் நன்றிப் பண் பாடும் வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்து, அம்மையாரை அரண்மனைக்கு அழைத்தார். துக்க உடையை விட்டுவிட்டு, திருநாளுக்குரிய உடை அணிந்து அவர் வந்தார் என்று சொல்வார்கள். உடன்பிறந்தாரான பெர்னாவோ பெரேரா டி பிரிட்டோ எழுதிய அருளானந்தரின் வரலாறு 1722-ல் கோயிம்பிராவில் அச்சேறியது. வீட்டை விட்டுப் போனவரின் கதையை வீட்டிலேயே இருந்தவர் எழுதினார்.